அமைச்சர் சொன்னதைச் செய்த செயலாளரை ஏன் விசாரிக்கிறார்கள்?

2025 ஓகஸ்ட் 22ஆம் திகதி முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க கைதானார். 2023 செப்டெம்பரில் வெளிநாட்டுப் பயணம் முடிந்து திரும்பும் வழியில் லண்டனுக்குப் போய், மனைவி சம்பந்தப்பட்ட பல்கலைக்கழக விழா ஒன்றில் கலந்துகொண்டதற்கு அரச பணம் சுமார் 166 இலட்சம் ரூபாய் செலவானது என்பது குற்றச்சாட்டு. நான்கு நாளில் பிணை கிடைத்தது. வவுனியா பஸ் நிலையத்திலிருந்து மல்லாவிச் சந்தி வரை அந்தக் கிழமை முழுக்க அதுதான் கதை.

அந்தச் செய்திகளுக்குள் ஒரு சின்ன வரியும் இருந்தது. அவர் பதவியில் இருந்தபோது செயலாளராக இருந்தவரிடமும் பிரத்தியேகச் செயலாளராக இருந்தவரிடமும் வாக்குமூலம் எடுத்திருந்தார்கள். அரசறிவியல் படிக்கிற உயர்தரப் பிள்ளைகள் கேட்ட கேள்வி நியாயமானது: "பயணம் போனது அவர். சொன்னதைச் செய்த செயலாளரை ஏன் விசாரிக்கினம்?"

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இலங்கையின் எந்த ஊழல் செய்தியையும் முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது. வன்னியில் இருக்கிற எங்களுக்கு இது இன்னும் அவசியம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எந்தச் செயலாளரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்வோம். அமைச்சரோடு வாகனத்தில் வந்து இறங்கி, எங்கள் மனுக்களைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறவர் இணைப்புச் செயலாளராக இருப்பார். அமைச்சரின் நாட்குறிப்பையும் தொலைபேசியையும் பார்ப்பவர் பிரத்தியேகச் செயலாளர். இவர்கள் அமைச்சரின் ஆட்கள். அமைச்சர் போனால் இவர்களும் போவார்கள். பிரதேச செயலாளர், மாவட்டச் செயலாளர் எல்லாம் வேறு. நாங்கள் இன்றும் ஜீ.ஏ. என்று சொல்கிற அரசாங்க அதிபர்தான் மாவட்டச் செயலாளர். இந்தக் கட்டுரை முக்கியமாகப் பேசுவது அமைச்சின் செயலாளரைப் பற்றி. கொழும்பில், அமைச்சரின் அறைக்குப் பக்கத்து அறையில், பெரும்பாலும் இலங்கை நிர்வாக சேவையில் இருபது முப்பது வருடம் கழித்தபின் வந்து அமர்கிறவர்.

அவரை நியமிப்பது அமைச்சர் அல்ல, ஜனாதிபதி. அரசியலமைப்பின் 52ஆவது உறுப்புரை அதைச் சொல்கிறது. அமைச்சரின் பணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் அமைய, அமைச்சின் கீழுள்ள திணைக்களங்களை மேற்பார்வை செய்வது அவர் வேலை என்றும் சொல்கிறது. இதை மட்டும் வாசித்தால் பிள்ளைகள் கேட்டது சரிபோலவே தோன்றும். அமைச்சருக்குக் கீழ்ப்பட்டவர் அமைச்சர் சொன்னதைத்தானே செய்ய வேண்டும்?

ஆனால் அவருக்கு இன்னொரு தொப்பியும் உண்டு. அரசாங்கத்தின் நிதிப் பிரமாணங்களின்படி அமைச்சின் செயலாளர்தான் அந்த அமைச்சின் பிரதான கணக்கீட்டு அலுவலர். திணைக்களத் தலைவர்களும் எங்கள் ஜீ.ஏ. மாரும் கணக்கீட்டு அலுவலர்கள். அமைச்சர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பாராளுமன்றம் ஒரு அமைச்சுக்கு ஒதுக்கும் பணம் சட்டப்படி செலவானதா என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் செயலாளர். கோபா எனப்படும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு கணக்குக் கேட்கும்போது மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர் அவர்தான். கொள்கையை அமைச்சர் தீர்மானிக்கலாம். பணத்தை வெளியே விடும் கை செயலாளருடையது.

எங்கள் ஊர்க் குளத்தை நினைத்தால் இது சட்டென்று விளங்கும். எப்போது தண்ணீர் திறப்பது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கும். ஆனால் துருசின், அதாவது மதகின், சாவி ஒருவரிடம் இருக்கும். கூட்டத்தில் முடிவாகாத ஒரு நாளில், இரவோடிரவாக, யாரோ பெரிய மனிதர் சொன்னார் என்று அவர் துருசைத் திறந்துவிட்டால் கீழே அழிகிற வயலுக்கு "அவர் சொன்னார்" என்பது பதிலாகாது.

இனி ஒரு கோவை, அதாவது அலுவலக பைல், எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். உதாரணம் கற்பனை; நடைமுறை உண்மை.

தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. வன்னி விவசாயிகளுக்கு 2,000 நீரிறைக்கும் இயந்திரங்களை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு அமைச்சர் முடிவெடுக்கிறார். கேட்க நல்ல விசயம். சிறுபோகத்தில் கிணற்றில் தண்ணீர் இருந்தும் இறைக்க வழியில்லாமல் பயிரைக் கருகவிட்ட சனம் நெடுங்கேணியிலும் துணுக்காயிலும் இருக்கத்தான் செய்கிறது. அமைச்சரின் கடிதம் செயலாளருக்கு வருகிறது. கோவை திறக்கப்படுகிறது. கோவையின் முன்பக்கத்தில் குறிப்புத் தாள் இருக்கும். ஒவ்வொரு அலுவலரும் தன் கருத்தை எழுதி, கையொப்பமிட்டு, திகதி போட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். கணக்காளர் எழுதுகிறார்: "இவ்வாண்டு ஒதுக்கீட்டில் இதற்கு நிதி இல்லை. திறைசேரியின் அனுமதி தேவை." கோவை செயலாளரின் மேசைக்குப் போகிறது.

இந்த இடத்தில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. செயலாளர் "கணக்காளரின் குறிப்புக்கமைய திறைசேரி அனுமதி பெற்றபின் சமர்ப்பிக்கவும்" என்று ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரியோடு விவகாரம் முளையிலேயே நின்றுவிடும். அல்லது "அமைச்சரின் பணிப்புரைக்கமைய அனுமதிக்கப்பட்டது" என்று எழுதலாம். அல்லது அமைச்சின் கீழே சொந்த வருமானம் உள்ள ஒரு சபையோ அதிகாரசபையோ இருந்தால், அதன் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்கள் கணக்கிலிருந்து இப்போதைக்குக் கொடுங்கள், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லலாம். மூன்றாவது வழிதான் மிக ஆபத்தானது, ஏனென்றால் அதற்குக் கோவையில் தடயம் குறைவு.

அடுத்து கொள்வனவு. அமைச்சு மட்டத்துக் கொள்வனவுக் குழுவுக்குத் தலைமை தாங்குவதும் செயலாளர்தான். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு விலைமனுக்களைப் பார்த்து அறிக்கை கொடுக்கும். அவசரம் என்று காரணம் காட்டி விலைமனுக் கோராமலே ஒரு நிறுவனத்திடம் வாங்க முடிவெடுத்தால் அந்த முடிவின் கீழும் அவர் கையொப்பம் இருக்கும். சில வருடம் கழித்து, அமைச்சரும் மாறி அரசாங்கமும் மாறிய பிறகு, கணக்காய்வாளர் நாயகத்தின் அலுவலர்கள் அந்தக் கோவையைத் திறப்பார்கள். கணக்காளர் எச்சரித்த வரி அங்கே இருக்கும். அதற்கு நேர் கீழே செயலாளரின் வரி. அமைச்சர் வாயால் சொன்னது எங்கும் இருக்காது.

பல செயலாளர்கள் மாட்டிக்கொண்டது இப்படித்தான். அமைச்சர் எதையும் எழுத மாட்டார். செயலாளர் எழுதாமல் இருக்க முடியாது. வாயால் வந்த உத்தரவை எழுத்தில் தாருங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஒரு அலுவலருக்கு இருக்கிற மிகப் பெரிய பாதுகாப்பு அது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்தபின், அரசுக்கு ஏற்பட்ட நட்டத்தைப் பொறுப்பான அலுவலரிடமே அறவிடுவதற்கும் ஏற்பாடு இருக்கிறது.

கற்பனை போதும். நடந்ததற்கு வருவோம்.

2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய வாரங்களில் பௌத்தர்கள் சில் என்ற சமய நோன்பை அனுட்டிக்கும்போது உடுத்தும் வெள்ளைத் துணி நாடெங்கும் விநியோகிக்கப்பட்டது. பணம், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 60 கோடி ரூபாய். அப்போது ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் செயலாளர் லலித் வீரதுங்க. அந்த ஆணைக்குழுவின் தலைவரும் அவரே. பணிப்பாளர் நாயகம் அனுஷ பல்பிட்ட. வழக்கு இந்த இரண்டு அலுவலர்கள் மீதுதான் தொடரப்பட்டது. 2017 செப்டெம்பர் 7ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் இருவருக்கும் மூன்று வருடக் கடூழியச் சிறை விதித்தது. தலைக்கு 20 இலட்சம் ரூபாய் தண்டம், ஆணைக்குழுவுக்குத் தலைக்கு 5 கோடி ரூபாய் நட்டஈடு. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி இருவரையும் விடுவித்தது.

தண்டனையை மட்டும் சொல்லிவிட்டு விடுதலையைச் சொல்லாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம். சட்டத்தின் முன் அவர்கள் இன்று குற்றவாளிகள் அல்லர். ஆனால் ஒரு பாடமாக இந்த வழக்கு மிகவும் பெறுமதியானது. ஒரே மனிதர் ஜனாதிபதியின் செயலாளராகவும் பணம் வைத்திருக்கும் ஆணைக்குழுவின் தலைவராகவும் இருந்தார். கேட்கிற இடமும் கொடுக்கிற இடமும் ஒரே மேசையில் வந்து சேர்ந்தால் "இது முறையா?" என்று இடையில் நின்று கேட்பதற்கு ஆள் இல்லாமல் போகிறது. எந்த ஊழல் செய்தியை வாசித்தாலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது இதைத்தான்: அந்தச் செயலாளர் வேறு எந்தெந்த நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்?

பி.பி. ஜயசுந்தரவின் கதை இன்னும் நீளமானது. லங்கா மரின் சேர்விசஸ் என்ற அரச நிறுவனம் 2002இல் தனியாருக்கு விற்கப்பட்டது. அந்த விற்பனை செல்லாது என்று 2008இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர் திறைசேரிச் செயலாளர். விற்பனைக் காலத்தில் அரச முயற்சிகள் மறுசீரமைப்பு ஆணைக்குழுவுக்குத் தலைவராக இருந்ததற்காக 5 இலட்சம் ரூபாய் செலுத்தும்படி பணிக்கப்பட்டார். இனி அரச பதவி வகிப்பதில்லை என்று நீதிமன்றத்துக்குச் சத்தியக்கடதாசி கொடுத்து விலகினார். அடுத்த வருடமே அதே நீதிமன்றம் அந்த உறுதிமொழியிலிருந்து அவரை விடுவிக்க, பழைய பதவிக்குத் திரும்பினார். 2019இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் செயலாளரானார். 2023 நவம்பர் 14ஆம் திகதி, நாட்டின் பொருளாதாரம் விழுந்ததற்குப் பொறுப்பானவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தபோது ராஜபக்ச சகோதரர்களோடு அவர் பெயரும், திறைசேரிச் செயலாளராக இருந்த எஸ்.ஆர். ஆட்டிகலவின் பெயரும் இருந்தன. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற எங்களுக்கு அந்தத் தீர்ப்பு எந்த நட்டஈடும் தரவில்லை. ஆனாலும் அரசியல்வாதிகளோடு அலுவலர்களையும் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கியது பெரிய விசயம் என்றே நினைக்கிறேன்.

கையொப்பம் போட்டால் மட்டும்தான் பொறுப்பு என்று நினைக்க வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல் பற்றி முன்கூட்டியே வந்த எச்சரிக்கையின் பேரில் போதிய நடவடிக்கை எடுக்காததற்காக, 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாயும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோவை 5 கோடி ரூபாயும் நட்டஈடாகக் கட்டச் சொன்னது. இங்கே பிழை, செய்யாமல் விட்டது. இதே ஹேமசிறி பெர்னாண்டோவைக் குற்றவியல் வழக்கில் 2022 பெப்ரவரியில் மேல் நீதிமன்றம் விடுதலை செய்திருந்தது. முரண்பாடுபோலத் தெரியும், முரண்பாடில்லை. சிறைக்கு அனுப்புவதற்கு வேண்டிய நிரூபணம் வேறு, மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதா என்று பார்ப்பது வேறு. ஒரு செயலாளர் முதலாவதில் தப்பி இரண்டாவதில் அகப்படலாம்.

சுகாதார அமைச்சில் தரமற்ற மருந்துக் கொள்வனவு விவகாரம் வெளிவந்தபோது 2023 டிசம்பரில் முன்னாள் செயலாளர் கைதானார். அமைச்சராக இருந்த கெஹலிய ரம்புக்வெல்ல கைதானது 2024 பெப்ரவரி 2ஆம் திகதி. குற்றம் செய்தார்களா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும். கைதுகளின் வரிசையை மட்டும் கவனியுங்கள்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் ஒரு செயலாளர் "முடியாது" என்று எழுதுவதில்லை? சாதாரண அரச அலுவலருக்குப் பொதுச் சேவை ஆணைக்குழு என்ற ஒரு வேலியாவது இருக்கிறது. அமைச்சின் செயலாளருக்கு அதுவும் இல்லை. ஜனாதிபதி நியமித்தவரை ஜனாதிபதி மாற்றலாம். அமைச்சரவை கலைந்தால் அவர் பதவியும் தானாகவே போய்விடும். ஓய்வுக்குக் கிட்டத்தில் நிற்கிறவர், பிள்ளைகள் கொழும்பில் படிக்கிறார்கள், அரச விடுதியில் குடியிருக்கிறார். கீழ்மட்டத்தில் என்றால் மிரட்டலின் பெயர் இடமாற்றம். அந்த மிரட்டலில் எங்கள் ஊர்ப் பெயர்கள் அடிபடுவதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது. முல்லைத்தீவையும் மன்னாரையும் தண்ணியில்லாக் காடு என்று நினைத்து, ஒத்துவராதவரைத் தண்டனையாக அனுப்பும் இடமாகப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. நேர்மையான அலுவலர்கள் சிலர் அப்படி எங்களுக்குக் கிடைத்ததும் உண்டு. அதற்காக இந்தப் பழக்கத்தை நியாயப்படுத்த முடியாது.

வன்னிக்கு இது ஏன் கூடுதல் அவசியம் என்று பின்னால் சொல்வதாகச் சொன்னேன். ஒரு செயலாளரின் கை எவ்வளவு நீளும் என்பதை இந்த மண்ணுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. போரின் கடைசி வருடங்களையும் சேர்த்து, 2005 இறுதியிலிருந்து 2015 தொடக்கம் வரை, பாதுகாப்பு அமைச்சின் செயலாளராக இருந்தவர்தான் பின்னர் ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ச. மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யாத பதவி ஒன்றிலிருந்து அவ்வளவு அதிகாரம் நடந்தது.

இன்றைய நிலைமை வேறொரு விதத்தில் கவலை தருகிறது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலே வைக்கவில்லை. முதலமைச்சர் இல்லை, மாகாண அமைச்சர்கள் இல்லை. ஆளுநரின் கீழ் பிரதம செயலாளரும் மாகாண அமைச்சுகளின் செயலாளர்களும்தான் எங்கள் வைத்தியசாலைகளையும் பள்ளிக்கூடங்களையும் மாகாண வீதிகளையும் நடத்துகிறார்கள். சபை இருந்த காலத்தில், 2017 யூனில், மூவர் கொண்ட விசாரணைக் குழுவின் அறிக்கையை வைத்து முதலமைச்சர் விக்னேஸ்வரன் இரண்டு அமைச்சர்களைப் பதவி விலகச் சொன்னார். அந்தச் சண்டை எங்களுக்கு வெட்கமாக இருந்தது உண்மை. ஆனாலும் கேள்வி கேட்க ஒரு சபை இருந்தது, பதில் சொல்ல ஒரு அமைச்சர் இருந்தார். இப்போது அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. கோபா குழுவுக்கு மாகாண சபைகளின் கணக்குகளையும் பார்க்க அதிகாரம் உண்டு; ஆனால் கோபா கூடுவது கொழும்பில்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களை முகநூல் நேரலையில் பார்க்கிறோம். பாராளுமன்ற உறுப்பினர் மேசையைத் தட்டி "உடனே செய்யுங்கோ" என்பார், அலுவலர் தலையாட்டுவார், கீழே எல்லாரும் கைதட்டுவார்கள். ஆனால் கூட்டத்து முடிவால் மட்டும் பணம் விட முடியாது. ஒதுக்கீடு, அனுமதி, கொள்வனவு முறை என்று எல்லாம் கோவையில் இருக்க வேண்டும். நேரலையில் தலையாட்டியதை நம்பிவிட்டு, பிறகு கோவையில் "நிதி இல்லை" என்று எழுதிய அலுவலரைத் திட்டுவது எங்கள் பக்கத்துப் பிழை. அவர் அங்கே தன் வேலையைத்தான் செய்திருக்கிறார்.

ஒரு அலுவலர் எழுதி வைத்த கடதாசிக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்கு எங்களிடமே ஒரு சான்று இருக்கிறது. 2011 ஜனவரியில் அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். போர் முடிந்தபோது அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்றுவரை யாராலும் தள்ளிவிட முடியாமல் இருப்பதற்குக் காரணம், அதன் அடியில் இருப்பது ஒரு கட்சியின் அறிக்கை அல்ல, கச்சேரியின் எண். நெருக்கடிக்குள்ளும் தலைகளை எண்ணி, எழுதி, கையொப்பமிட்ட அலுவலர்கள் இருந்தார்கள்.

அதே கடதாசியைக் கேட்டுப் பெறுகிற உரிமை இன்று எங்களுக்குச் சட்டத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் ஊர்க் குளக்கட்டு வேலையிலோ வீதியிலோ சந்தேகம் வந்தால் "ஊழல் நடந்ததா?" என்று எழுதிக் கேட்காதீர்கள், அதற்கு யாரும் பதில் தரமாட்டார்கள். கடதாசிகளைக் கேளுங்கள்: அனுமதிக் கடிதத்தின் பிரதி, குறிப்புத் தாளின் பிரதி, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை, கொள்வனவுக் குழுவின் தீர்மானம், கொடுப்பனவு வவுச்சர். கணக்காளர் என்ன எழுதினார், அதற்குக் கீழே செயலாளர் என்ன எழுதினார் என்பது அதில் தெரிந்துவிடும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான எழுத்துத் துண்டை வாங்காமல் வெளியே வர வேண்டாம். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.